கொல்லைக்கு ஒரு வரைபடம்

மே 11
திருவையாறு பக்கம் ஒரு வீட்டுக் கொல்லை, 60க்கு 40 அடி. தோட்டமாக்க வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், 3டி படம்தான் வேண்டும் என்கிறார். இங்கே முடிவு சொல்வது அவருடைய அண்ணி. எதில் வரைந்தாலும் அளவெடுக்க டேப்பும் நோட்டும்தான். கிணறு, தென்னை, முருங்கை ஒவ்வொன்றுக்கும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து தூரம் எடுத்தேன். காம்பஸால் இரண்டு வில் போட்டால் அவை வெட்டும் இடத்தில் மரம். வேலி கோணலாக இருந்தாலும் கவலையில்லை.

மே 13
தாளில் கால் அங்குலம் என்றால் தரையில் ஒரு அடி. மொத்தக் கொல்லையும் 15க்கு 10 அங்குலம், ஏ3 தாளில் அடங்கிவிட்டது. கொத்தனாருக்கு அடிக்கணக்குதான் வசதி. மேலே டிரேசிங் தாள் போட்டு நடைபாதையை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மே 16
கணினியில் 3டி படம், ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில். அதில் மரம் என்று தேடினால் மேப்பிளும் பைனும் முந்திக்கொண்டு வருகின்றன. செம்பருத்திக்குப் பச்சையாக ஒரு உருண்டை வைத்துச் சமாளித்தேன். ஆனால் நிழல் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊர், தேதி, நேரம் கொடுத்தால் போதும். தெற்கே பக்கத்து வீட்டு மதில் 12 அடி. டிசம்பர் உச்சிவேளையில் அதன் நிழல் நம் பக்கம் எட்டடிக்கு விழுகிறது. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் உச்சி நிழல் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும், அதனால் மதிலோரம் அது வேண்டாம். அகத்தி நட்டு வெற்றிலைக் கொடி ஏற்றலாம். கோடையில் கொடிக்கு அகத்தியே நிழல்.

மே 20
அண்ணியிடம் இரண்டையும் காட்டினேன். 3டி படத்துக்கு "அழகா இருக்கு தம்பி" என்றதோடு சரி. டிரேசிங் தாளைப் பிரித்ததும் பென்சிலை வாங்கிக்கொண்டார். "துவைக்கிற கல்லு எங்க? அந்தத் தண்ணி வாழைக்குப் போவணும்ல?" என்று அவரே வாய்க்கால் இழுத்தார். வடகிழக்கு மூலையில் ஒரு வட்டம்: "ஐப்பசி மழைக்கு இங்க தண்ணி நிக்கும்." களிமண், நிற்கத்தான் செய்யும். செம்பருத்தியை அங்கிருந்து எடுத்துக் கல்வாழை போட்டோம். கணினிப் படம் முடிந்த காரியம் மாதிரி தெரிவதால் அதில் கைவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இனி யார் கேட்டாலும் முதலில் பென்சில் தாள்தான் காட்டுவேன்.

மே 24
கொத்தனாருக்கு டிரேசிங்கின் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் அளவு லேசாக மாறும் என்பதால் அடி, அங்குலத்தை எண்ணிலேயே எழுதிவிட்டேன். திருத்திய 3டி சிங்கப்பூருக்குப் போய்விட்டது. அதிலுள்ள மகிழமரம் பல வருட வளர்த்தி, நடப்போவது இடுப்புயரக் கன்று என்று கூடவே ஒரு வரி எழுதினேன். முன்பணம் வந்ததும் குழி வெட்டச் சொல்ல வேண்டும்.