காரைக்குடியில் கேட்ட கீத் மூன்

நம் ஆசிரியர்களைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நம் பழைய மாணவர் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆகவே, எண்பதுகளில் நம் வகுப்பில் ஐந்தாறு பேரையாவது பித்துப் பிடிக்க வைத்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றி எழுத மலர்க் குழுவினரிடம் அனுமதி பெற்றேன். அவர் 'தி ஹூ' என்ற லண்டன் ராக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் கீத் மூன். அவர் பெயரை நாம் அறிவதற்கு முன்பே, 1978 செப்டம்பர் 7 அன்று, தம் 32ஆம் வயதில் அவர் இறந்துபோயிருந்தார்.

அவர் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி செட்டிநாட்டுக்கே உரியது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன தலைமுறையின் மிச்சமாகப் பினாங்கில் தங்கிவிட்ட என் அம்மான், ஒரு விடுமுறைக்கு வந்தபோது டூ-இன்-ஒன் ஒன்றையும் ஒரு பை நிறையக் காசெட்டுகளையும் கொண்டுவந்தார். எல்லாம் பழைய தமிழ்ப் பாட்டுகள். ஒன்று மட்டும் அவர் மகனுடையது, தவறிப் பைக்குள் வந்துவிட்டது. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக் கூடத்தில் நடந்த கச்சேரியின் பதிவு அது. 'லைவ் அட் லீட்ஸ்' என்று பெயர், மொத்தம் ஆறே பாட்டு. எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கும் முட்டைச் சாந்து பூசிய சுவருக்கும் இடையில், ஒலியை உறிஞ்சிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூட இல்லாத அந்த இடத்தில், அதை முதலில் ஒலிக்கவிட்டபோது ஆயா வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டார்.

எந்தச் சினிமாப் பாட்டின் தாளத்தையும் ஒருமுறை கேட்டால் மறுநாள் பெஞ்சில் தட்டிக் காட்டக்கூடியவர்கள் நம் வகுப்பில் இருந்தார்கள். ஆய்வுக்கூட மேசையில் தட்டி வெளியே நின்றவர்கள் இதைப் படிக்கும்போது சிரித்துக்கொள்ளலாம். அவர்களாலும் இதைத் தட்ட முடியவில்லை. ராக் இசையில் வழக்கமாக ட்ரம்ஸ்காரரின் வேலை எளிது: நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதும் நான்காவதும் ஸ்னேர் என்னும் கூர்மையாக ஒலிக்கும் கொட்டில் விழ வேண்டும், காலடியில் திறந்து மூடும் ஹை-ஹாட் என்னும் இணைத்தட்டு இடைவெளிகளைச் சீராக நிரப்ப வேண்டும், மற்றவர்கள் அதன்மேல் நின்று பாடுவார்கள். மூன் பெரும்பாலான மேடைகளில் ஹை-ஹாட்டையே வைத்துக்கொள்ளவில்லை. காலால் அடிக்கும் பெரிய பாஸ் ட்ரம் இரண்டு, முன்னால் வரிசையாக டாம்கள் என்னும் கொட்டுகள், சுற்றிலும் பெரிய சிம்பல்கள் என்னும் உலோகத் தட்டுகள் என்று அமைத்துக்கொண்டு, மற்றவர்கள் அடியைக் குறிக்கும் இடத்தில் அவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டிக்கொண்டு போனார். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை; தெரியாமலே திரும்பத் திரும்பக் கேட்டோம்.

அந்த ஆண்டு எங்கள் வளவில் ஒரு கல்யாணம் நடந்தது. நாகஸ்வரக் குழுவினர் முகப்பில் தங்கியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குழுவின் மூத்த தவில் வித்துவான் விரல்களிலிருந்து கூடுகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்திருந்த நேரத்தில், நான் அடக்கமில்லாமல் அந்தக் காசெட்டைப் போட்டேன். முதல் பாட்டு 'யங் மேன் ப்ளூஸ்'. அதில் குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைத் துணை எதுவும் இல்லாமல் தனிக்குரலில் பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் மற்ற மூவரும் பாய்ந்து விழுவார்கள். பிறகு மீண்டும் தனிக்குரல். வித்துவான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று வரிகள் கேட்டார். பிறகு, "இதுல தாளம் யாரு தம்பி போடுறது?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. கொட்டுகிறவர்தானே தாளம் போடுகிறவர்? அவர் பொறுமையாக விளக்கினார். மேளத்தில் தாளம் போட என்றே கைத்தாளத்துடன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் தவில், நாயனத்தோடு பேச முடிகிறது. ராகம் வாசிக்கும்போது தாளமே கிடையாது. நாயனக்காரர் ஒரு பிடியை வாசித்து மூச்சு வாங்கும் இடத்தில் தவில் பதில் சொல்கிறது. "இந்தப் பிள்ளையும் பாடுறவனுக்குத்தான் பதில் சொல்றான். அப்ப வேற யாரோ தாளத்தைப் பிடிச்சிக்கிட்டு இருக்கணும்" என்றார். தனி ஆவர்த்தனம் உண்டா என்றும் கேட்டார். காசெட்டில் இல்லை என்றேன். மூனுக்குத் தனி வாசிப்பதே பிடிக்காது, அதைச் சலிப்பான காரியமாகக் கருதினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்.

வேறு யாரோ ஒருவர் இருந்தார். அவர் கிதார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட். மற்றக் குழுக்களில் கிதார் அலங்காரம், ட்ரம்ஸ் அடித்தளம். இங்கே டவுன்ஷெண்டின் முழு வீச்சுத் தந்தி அடிகளே காலத்தைப் பிடித்தன, ஜான் என்ட்விசிலின் பாஸ் கிதார் அசையாமல் நின்றுகொண்டே ராகத்தை ஓட்டியது, மூன் இவர்களுக்கு நடுவில் விடுதலையாகத் திரிந்தார். 1971க்குப் பிறகு இது வெளிப்படையாகவே தெரிந்தது. 'பாபா ஓ'ரைலி', 'வோண்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' ஆகிய பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது, முன்பே பதிவு செய்த மின்னொலி நாடா ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நாடா யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், மூன் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடி வாசித்தார். கட்டுக்கடங்காதவர் என்று பெயர் வாங்கியவர், இயந்திரத்தின் கணக்குக்குள் அத்தனை சுழற்சிகளையும் செய்து சரியான இடத்தில் வந்து இறங்கினார். அவரை வெறும் முரட்டு ஆள் என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு பாட்டுகளையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முரட்டுத்தனம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஓட்டல் அறைகளை உடைத்தார், கழிப்பறைகளில் வெடி வைத்தார். 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாஸ் ட்ரம்முக்குள் அளவுக்கு மீறி வெடிமருந்து திணித்ததில், டவுன்ஷெண்டின் முடி கருகியது. தெறித்த சிம்பல் துண்டு மூனின் கையிலேயே பாய்ந்தது. 1973 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ அருகே நடந்த கச்சேரியில் அவர் போதையில் நினைவிழந்து சரிந்தபோது, பார்வையாளர் கூட்டத்திலிருந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரை மேடையேற்றி மீதிப் பாட்டுகளை முடித்தார்கள். இந்தக் கதைகளைத்தான் உலகம் அதிகம் சொல்கிறது. எனக்கு அவற்றில் ஆர்வம் குறைவு. குடியை விடுவதற்காகக் கொடுத்த மாத்திரைகளையே அளவு மீறி விழுங்கி இறந்த ஒருவரின் வாழ்க்கையில் சிரிப்பதற்கு அவ்வளவு இடமில்லை.

பிழைப்புக்காக லண்டன் வந்த பிறகு எனக்குக் கிடைத்த செய்தி வேறு. மூன் வளர்ந்த வீடு வெம்ப்ளியில் சாப்ளின் ரோட்டில் இருந்தது. இன்று சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைந்த ஈலிங் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அவர் படித்த பள்ளி ஆல்பர்ட்டனில். ஈழபதீஸ்வரர் ஆலயம் இருக்கும் அதே ஆல்பர்ட்டன். எந்த வகைப் பள்ளிக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும் பதினொரு வயதுத் தேர்வில் தோற்று அந்தப் பள்ளிக்குப் போனவர். இசை ஆசிரியர் அவருடைய மதிப்பெண் சீட்டில், நல்ல திறமை உண்டு, ஆனால் பகட்டிக் காட்டும் குணத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதினாராம். ஓவிய ஆசிரியர் எழுதியது இதைவிடக் கடுமையானது. பள்ளி நினைவுகளுக்கான மலரில் அதை எடுத்தெழுத எனக்கு மனமில்லை. பிறகு கார்லோ லிட்டில் என்ற ட்ரம்ஸ்காரரிடம் பாடத்துக்குப் பத்து ஷில்லிங் கொடுத்துக் கற்றுக்கொண்டு, 1964இல் ஹூ குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினேழு.

அவருக்குப் பின் வந்த கென்னி ஜோன்ஸ் தேர்ந்த கலைஞர்; கணக்குப் பிசகாதவர். ஆனால் குழுவில் ஏற்கெனவே தாளம் பிடிக்க ஆள் இருந்தார் என்பதால், இரண்டு கைத்தாளக்காரர்களை உட்காரவைத்துவிட்டுத் தவிலை வீட்டுக்கு அனுப்பிய மேளமாக அது எனக்குக் கேட்டது. 1996இல் பீட்டில்ஸ் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரின் மகன் சாக் ஸ்டார்க்கி வந்த பிறகே பேச்சு திரும்பியது. சிறுவனாக இருந்தபோது மூனிடமிருந்தே ஒரு ட்ரம்ஸ் செட்டைப் பரிசாகப் பெற்றவர் அவர். ஆயினும் மூனைப் போலச் செய்து காட்ட முனையாதது அவருடைய நல்லறிவு.

இப்போது சிங்கப்பூரில் இருக்கும் நம் வகுப்புத் தோழர் ஒருவர், பெஞ்சுத் தாளத்தில் நம் அனைவரையும் வென்றவர், இதை ஏற்பதில்லை. மூனின் வாசிப்பில் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், ஓடுகிறது, ஜோன்ஸிடம் அது நிலையாக நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் இன்றுவரை சண்டை பிடிக்கிறார். ஓடுவது உண்மைதான். லீட்ஸ் பதிவிலேயே பல இடங்களில் ஓடுகிறது; மற்ற மூவரும் அவரைப் பிடித்து நிறுத்தாமல் கூடவே ஓடுகிறார்கள் என்பதை மட்டும் தோழர் கணக்கில் சேர்ப்பதில்லை.