மேலட்டால தட்டிக் கண்டுபிடிச்ச பொந்து, மிஷின் ஊசி ஒத்துக்கிச்சு

என் கிரேயான் கோடும் மிஷின் கிராஃபும் ஒத்துப் போயிடுச்சு! மொதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். மேலட்டும் (சின்னச் சுத்தியல்) கையுமா, உள்ள பொந்து இருக்கான்னு மரம் மரமா தட்டிக்கிட்டுத் திரியுறேன்னு எங்க தெருவே என்னை ஒரு மாதிரியாப் பாக்கும். போன வாரம் மிஷின் வச்சுப் பாக்குற லெவல் 3 இன்ஸ்பெக்‌ஷன் பண்ற ஆர்பரிஸ்ட் (மர வைத்தியர்) ஒருத்தர் வந்து ரெசிஸ்டோகிராஃப் (கட்டை எவ்வளவு கெட்டின்னு கோடு வரையுற மிஷின்) ஊசியை மரத்துல எறக்குனாரு, நான் "இங்க சுவர் (பொந்தைச் சுத்தி மிச்சமிருக்குற கட்டை) மெல்லிசு"ன்னு கோடு போட்டு வச்ச எடத்துலயே கிராஃப் சர்ருன்னு கீழ எறங்குச்சு. அவரு என்னைப் பாத்தாரு, நான் மரத்துக்குச் சொந்தக்கார ஆயாவைப் பாத்தேன், ஆயா "இதத்தான இவன் அப்பவே சொன்னான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அவ்வளவுதான் பாராட்டு.

மரம் எதுன்னா, டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு மாமரம். நிறவெறி ஆட்சியோட குரூப் ஏரியாஸ் சட்டத்துல டர்பன்லயே இருக்குற கேட்டோ மேனரை விட்டுக் கெளப்புனப்ப அறுபதுகள்ல இங்க வந்து ஆயாவோட வீட்டுக்காரர் நட்டது. அடிமரம் சுத்தளவு ரெண்டு மீட்டர். ஒரு பெரிய கெளை நேரா கூரை மேல நிக்குது. ரோட்டுப் பக்கம் வேர் கெளம்புற எடத்துல கானோடெர்மா (மரத்தை அழுக வைக்கிற பூஞ்சை) முளைச்சிருக்கு, தட்டுத் தட்டா, மேல காவி நிறத்துல பொடி படிஞ்சு. அதைப் பாத்த அன்னைக்கே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல மண்ணு ஊறி எத்தனை மரம் வேரோட சாஞ்சுச்சுன்னு இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா.

சரி, தட்டுற விஷயம். இதுலதான் எனக்கு மாசக்கணக்குல போச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ரப்பர் மேலட் வாங்கவே வாங்காதீங்க. சத்தத்தை அதுவே முழுங்கிரும், எந்த மரத்தைத் தட்டுனாலும் ஒரே "தொப்". இரும்புச் சுத்தியல்னா பட்டை நசுங்கும், மாமரத்துல பால் வடியும், அது கையில பட்டா அரிப்பு வேற. மரச் சுத்தியல் பரவாயில்ல, ஆனா அதோட சொந்தச் சத்தம் ஒண்ணு கூடவே வரும். கடைசியில செட் ஆனது நைலான் தலை வச்ச மேலட்தான். கார்டன் கடைங்கள்ல தேடி அலைஞ்சு கெடைக்காம, கிரே ஸ்ட்ரீட் பக்கம் (பேரை மாத்தி வருஷமாச்சு, யாரு மாத்திக் கூப்பிடுறா?) கார் டிங்கரிங் சாமான் விக்கிற ஒரு கடையில கெடைச்சுது, பேனல் பீட்டிங் பண்றவங்க வச்சிருப்பாங்களே அதேதான். வெயிட் ரொம்ப வேண்டாம், கைப்பிடியைத் தளர்வாப் பிடிச்சு மேலட்டை அதுவா விழ விடணும். இறுக்கிப் பிடிச்சா கை நடுக்கமும் சேந்து கேக்கும்.

மிருதங்கத்துக்கு சுருதி சேக்குறவரு விளிம்பைச் சுத்தி ஒவ்வொரு எடமாத் தட்டிக் கேட்டுக்கிட்டே வருவாரு பாருங்க, அதே வேலைதான் இதுவும். ஒரு தட்டை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துத் தட்டோட, அதே உயரத்துல எதிர்ப்பக்கத் தட்டோட ஒப்பிட்டாத்தான் அர்த்தம். நான் கீழ வேர்மூட்டுல ஆரம்பிச்சு ஒரு சாண் ஒரு சாணா சுத்திக்கிட்டே மேல ஏறி நெஞ்சு உயரம் வரைக்கும் போவேன். நல்ல கட்டைன்னா சுருக்கமா கெட்டியா "டக்". உள்ள பொந்துன்னா சத்தம் தணிஞ்சு, கொஞ்சம் இழுத்து, "தும்ம்".

இது யூட்யூப்லயும் சொல்லுவாங்க. சொல்லாம விடுறது என்னன்னா, பட்டை உள்கட்டையை விட்டு எழும்பியிருந்தாலும் பொந்து மாதிரியே கேக்கும். வயசான மாமரத்துப் பட்டை வெடிச்சுப் பாளம் பாளமா இருக்கும், ஆயா மரத்துல மேற்குப் பக்கம் முழுக்க அப்படித்தான். அங்க தட்டுனா "டபடப"ன்னு பொந்தை விட சத்தமாவே வருது! ரெண்டையும் பிரிச்சுக் கேக்குறதுக்குத்தான் இவ்வளவு நாளும். இப்ப எனக்குப் பிடிபட்டது இதுதான்: எழும்புன பட்டையோட சத்தம் மேலாப்புல இருக்கும், ஓட்டைத் தட்டுற மாதிரி வறட்டு ஒலி, மூணு விரக்கடை தள்ளித் தட்டுனா சட்டுனு நின்னுரும். பொந்துச் சத்தம் அப்படி நிக்காது, தட்டத் தட்ட மெல்ல மெல்ல மாறி கெட்டியாகும். அப்புறம் மேலட்டை இடது கையில வச்சுக்கிட்டு வலது உள்ளங்கையை மரத்துல ஒரு சாண் தள்ளி வச்சுப் பாருங்க, பொந்துன்னா அதிர்வு கைக்கு வரும், பட்டைன்னா வராது. இதுலயும் சந்தேகம்னா பழைய ஸ்டெதஸ்கோப்பை எதிர்ப்பக்கம் வச்சு வேற ஆளைத் தட்டச் சொல்லுங்க. எனக்குத் தட்டுனது ஆயாவோட பேரன், கோயில்ல தவில் பழகுற பையன், தாளம் போடாம ஒரே மாதிரி தட்டுடான்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு.

வேர்மூட்டுல இன்னொரு தொல்லை. வேர் பிரியுற எடத்துல ரெண்டு மூட்டுக்கு நடுவுல குழிவா இருக்குமே, அங்க நல்ல கட்டையே வேற மாதிரிதான் ஒலிக்கும். மூட்டை மூட்டோட, குழியைக் குழியோட ஒப்பிடுங்க.

கோடு போட மொதல்ல டெய்லர் சாக்பீஸ் வச்சிருந்தேன், டர்பன் பிப்ரவரி மழையில அது என்ன ஆகும்னு தெரியுமே. இப்ப மரக்கடையில லாக் மேல நம்பர் போடுற மெழுகு கிரேயான். ஈரப் பட்டையிலயும் பிடிக்குது. சத்தம் மாறுற எடத்துல புள்ளி, புள்ளிகளைச் சேத்தா ஒரு மேப். ஆயா மரத்துல வந்த மேப் ரோட்டுப் பக்கம், கானோடெர்மாவுக்கு நேர் மேல, தரையிலேர்ந்து முழங்கால் உயரம் வரைக்கும், வாழைப்பூ வடிவத்துல. மேற்குப் பக்கச் சத்தத்தை பட்டைன்னு தள்ளிட்டேன்.

ஊசிக்கு வருவோம். ரெசிஸ்டோகிராஃப் ஊசி முனை 3 மி.மீ., தண்டு 1.5 மி.மீ., சுத்திக்கிட்டே உள்ள போகப் போக எவ்வளவு எதிர்ப்பு வருதுன்னு கோடு வரையும். ஆர்பரிஸ்ட் நாலு எடத்துல மட்டும் எறக்குனாரு. கூடப் போட மாட்டேன்னுட்டாரு, காரணம் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோ 1977ல சொன்ன கோடிட் கணக்குப்படி, காயம் பட்ட மரம் அழுகலைச் சுத்தி உள்ளயே சுவர் கட்டி அடைச்சுக்கும். நாம ஆசைக்கு ஓட்டை போட்டா அந்தச் சுவரையே ஊசியால குத்தி அழுகலுக்கு வழி விட்டதா ஆயிரும். மொதல்ல தட்டி எடத்தைச் சுருக்கிட்டு அப்புறம் ஊசி போடுறதுக்கு இதான் காரணம். என் மேப்பைப் பாத்துட்டுத்தான் அவரு எடம் குறிச்சாரு. ஆமா, இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரிசல்ட்: பட்டையைக் கழிச்சா ஆரம் 30 செ.மீ. ரோட்டுப் பக்கம் நல்ல கட்டை 7 செ.மீ.தான், அப்புறம் காலி. வீட்டுப் பக்கம் 13. மேற்குப் பக்கம், நான் பட்டைன்னு தள்ளுன எடத்துல, 11 செ.மீ. கெட்டி. ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹேல மாத்தெக்னு ஒரு பிசிக்ஸ்காரர், மரத்தை வெளிலேர்ந்து பாத்தே கணிக்கிற விடிஏ முறையைக் கொண்டாந்தவரு, அவரோட கணக்கு சுவர் கனம் ஆரத்துல 0.3க்குக் கீழ போனா ஒடியுற ஆபத்து ஏறும்னு. ரோட்டுப் பக்கம் 0.23, வீட்டுப் பக்கம் 0.43, மேற்குல 0.37ன்னு வருது. இந்த நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டு மரத்தை வெட்டுறவங்க இருக்காங்க. பொந்துக்கு வாய் தொறந்திருக்கா, மரம் சாஞ்சிருக்கா, தலையில எவ்வளவு காத்து வாங்குது, கீழ விழுந்தா என்ன இருக்குன்னு எல்லாம் சேத்துப் பாத்தாத்தான் கணக்கு. இங்க வாய் தொறக்கல, ஒரு பக்கம்தான் மெல்லிசு.

மேலட்டோட எல்லையும் அன்னைக்குத்தான் தெளிவாத் தெரிஞ்சுது. 13 செ.மீ. சுவர் இருந்த வீட்டுப் பக்கம் எனக்கு முழுக் கட்டை மாதிரிதான் கேட்டுச்சு, உள்ள பொந்து இருக்குறதோட வாடையே இல்ல. கிராஃப்ல பொந்துக்கு முன்னாடி ரெண்டு மூணு செ.மீ.க்கு கோடு தொவண்டு எறங்குது பாருங்க, அது இன்னும் காலியாகாம மெத்துன்னு ஆன கட்டை. அதெல்லாம் மேலட்டுக்குக் கேக்கவே கேக்காது. வேரும் அப்படித்தான். கானோடெர்மாவோட வேலையே மண்ணுக்குள்ளதான் அதிகம், மேல எவ்வளவு தட்டுனாலும் வேரைப் பத்தி ஒரு சேதியும் வராது. ஆர்பரிஸ்ட் அழுத்தக் காத்தை அடிச்சு மண்ணை விலக்கி வேரைப் பாத்தாரு, ரோட்டுப் பக்கம் ஒரு வேர் போச்சு, மத்தது உயிரோட இருக்கு. நம்மகிட்ட கம்ப்ரெசரா இருக்கு? சைக்கிள் கம்பியைத் தீட்டி வேர்மூட்டுக்குள்ள குத்திப் பாக்குறதோட நம்ம ஆராய்ச்சி முடிஞ்சுது.

ஒரு பொலம்பல். இவருக்கு முன்னாடி மரம் வெட்டுற ஆளு ஒருத்தரு "இலவச இன்ஸ்பெக்‌ஷன்"னு வந்தாரு. பக்கிய (பிக்கப் வண்டி) விட்டு எறங்கல. கண்ணாடியை எறக்கி, "உள்ள காலி ஆயா, வெட்டிருவோம்", ரேட்டும் உடனே. வெட்டுறதுல காசு பாக்குறவரு பரிசோதனையை இலவசமாப் பண்ணா பதில் வேற எப்படி வரும்? காசு குடுத்து, வெட்டுற தொழில் இல்லாத ஆளை வச்சு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. ஐஎஸ்ஏ (சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கம்) முறைப்படி லெவல் 1ன்னா சும்மா பாத்துட்டுப் போறது, லெவல் 2ன்னா மரத்தை முழுக்கச் சுத்தி வந்து மேலட், கம்பி எல்லாம் போட்டுப் பாக்குறது, லெவல் 3ன்னா ஊசி, சோனிக் (ஒலி அனுப்பிப் பாக்குறது), வேர் தோண்டுறது. எந்த லெவல்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கணும். ஆயா அந்த வெட்டுற ஆளுகிட்ட, "வெட்டுனா அச்சார் மாங்காக்கு நீ வருவியா?"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.

இப்ப முடிவு: வெட்ட வேண்டாம், காய்ப்பு முடிஞ்சதும் மார்ச்சுல கூரை மேல நிக்கிற கெளையையும் உச்சியையும் கொஞ்சம் கொறைக்கணும், ஒரு வருஷம் கழிச்சு அதே எடத்துல மறுபடி பாக்கணும். மொட்டை அடிக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்காரு. கெளை எறங்குறதுக்கு முன்னாடியே வெறகுக்கு ஆள் வந்தாச்சு, கல்யாண பிரியாணிப் பானைக்காம். மாங்கட்டை குடுக்கலாம், ஆனா ஆயா வீட்டுப் பின்னாடி அவகாடோ மரம் நிக்குதே, அதுலேர்ந்து ஒரு குச்சி வெளிய போகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஏன்னா அடுத்த தலைவலி அங்கதான். தண்டுல வெள்ளை வெள்ளையா சீனி பொங்குன மாதிரி அங்கங்க படிஞ்சிருக்கு. தொடைச்சா கீழ பால்பாயின்ட் பேனா முனை அளவுக்கு ஓட்டை, 1 மி.மீ.க்கும் கம்மி. ஷாட் ஹோல் போரரா இருக்குமோன்னு பயம். 2017ல நம்ம பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொட்டானிக்கல் கார்டன்ல பிளேன் மரங்கள்ல கண்டுபிடிச்ச அதே 2 மி.மீ. வண்டு. வண்டு கட்டையைத் திங்கிறதில்ல, உள்ள ஃபியூசேரியம் பூஞ்சையைப் பயிர் பண்ணி அதைத் திங்குது, மரத்துக்குத் தண்ணி போற பாதையை அடைக்கிறது அந்தப் பூஞ்சைதான். ஓட்டைக்குப் பக்கத்துல பட்டையை மெலிசாச் சீவுனா உள்கட்டை பழுப்பேறியிருக்கும். சீவுற உளியை ஒவ்வொரு மரத்துக்கும் நடுவுல மெத்திலேட்டட் ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. போட்டோ எடுத்து பிரிட்டோரியா யூனிவர்சிட்டியோட ஃபாபி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியிருக்கேன், பதில் வந்ததும் எழுதுறேன். வேலியோரம் தானா முளைச்ச ஆமணக்கும் இந்த வண்டுக்குப் பிடிச்ச செடி, அதையும் பாத்து வைங்க.

நடுவுல இன்னொரு வேலையும் பாதியில நிக்குது. ஃபக்கோப்னு ஹங்கேரி கம்பெனி ஒண்ணு மைக்ரோசெகண்ட் டைமர் பண்றாங்க, மரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு சென்சார், ஒண்ணைத் தட்டுனா மத்ததுக்கு ஒலி போய்ச் சேர எவ்வளவு நேரம்னு காட்டும். 60 செ.மீ. நல்ல கட்டையில அரை மில்லிசெகண்ட் கிட்ட ஆகும், பொந்து இருந்தா ஒலி சுத்திக்கிட்டுப் போறதால நேரம் கூடும். அதை வாங்குற வசதி நமக்கில்ல, அதனால ரெண்டு பியசோ வில்லை (அதிர்வை மின்சாரமா மாத்துறது), ஒரு எல்எம்393 (வோல்டேஜை ஒப்பிடுற சிப்), ஒரு ஈஎஸ்பி32 (சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வச்சு நானே கட்டிக்கிட்டு இருக்கேன். ஈயம் பத்துறது வரைக்கும் முடிஞ்சுது. ஆனா ஓங்கித் தட்டுனா ஒரு நேரம், மெதுவாத் தட்டுனா இன்னொரு நேரம் காட்டுது, சிக்னல் ஏறுற வேகத்தைப் பொறுத்து ட்ரிகர் முன்னப் பின்ன விழுது போல. எந்த வோல்டேஜ்ல எண்ண ஆரம்பிக்கணும்ங்கிற த்ரெஷோல்டைக் கொறைச்சா ரோட்டுல டாக்ஸி போனாலே எண்ண ஆரம்பிச்சிருது. கட்டிப் பாத்தவங்க யாராவது இருந்தா எந்த வோல்டேஜ்ல வச்சீங்க, சென்சாரைப் பட்டைக்கு மேலயே ஒட்டுனீங்களா இல்ல ஸ்க்ரூ போட்டு கட்டை வரைக்கும் எறக்குனீங்களான்னு சொல்லுங்க, ஆயா மரத்துல கெளை கொறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங் எடுத்து வச்சிரணும்.