ரெண்டு விரல்கடை

நேற்று காலை மோட்டார் புகைந்துவிட்டது. சேலம் அம்மாப்பேட்டையில் மூன்றாவது மாடி வீடு. கீழ்த்தொட்டியில் தண்ணீர் ததும்புகிறது, மேலே ஏறத்தான் வழியில்லை. எலக்ட்ரீஷியன் சாயங்காலம்தான் வருவாராம். சரி என்று இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கினேன்.

நாலாவது நடையிலேயே மூச்சு வாங்கியது. சட்டை பாதி நனைந்து, படியெல்லாம் தண்ணீர். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாயி சொன்னார்: "விளிம்பு வரைக்கும் ரொப்பாத சாமி. ரெண்டு விரல்கடை விட்டு ரொப்பு, தளும்பாது." தளும்பவில்லை!

அம்மாயி காலத்தில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருமாம். குடம் திருடு போகும் என்று வரிசையில் கல்லை வைத்து இடம் பிடிப்பார்களாம். அந்தப் பித்தளைக் குடம் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் லேசாக நசுங்கியிருக்கும், இடுப்பு அழுந்திய பக்கம். சின்ன வயதில் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னவன் நான்தான்.

எங்கள் குழாயில் வருவது, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி வருகிற காவிரி. நான் பல் தேய்க்கும்போது குழாயை மூடியதே கிடையாது.

ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கலங்கலாகக் கொட்டியது. தெளியட்டும் என்று திறந்தே விட்டேன்.

உள்ளேயிருந்து குரல்: "அடியில பக்கெட்டை வைடா, செடிக்கு ஊத்தலாம்."