அம்மாவின் அப்பாவைத் தேடி

அம்மா தத்துப்பிள்ளை. அவருக்கே அது தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். கிடைத்த பதிவுகள் எதிலும் பெற்றவர்களின் பெயர் இல்லாததால், எங்களுக்கு மிஞ்சிய வழி டிஎன்ஏ சோதனை.

தேடுவது நானாக இருந்தாலும் எச்சில் மாதிரியை அம்மாதான் கொடுத்தார். அவருடைய மரபணுவில் பாதிதான் எனக்கு வந்திருக்கிறது. என் மாதிரியை அனுப்பியிருந்தால் பல தூரத்து உறவுகள் தென்பட்டே இருக்க மாட்டார்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே, அவர் சம்மதித்தால், இதைச் செய்துவிடுங்கள்.

முடிவோடு வரும் 'பூர்வீகச் சதவீதம்' நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனக்கு வேண்டியிருந்தது உறவுப் பொருத்தப் பட்டியல், அதாவது அங்கே சோதித்தவர்களில் அம்மாவோடு டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்களின் பட்டியல். இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவை, அதாவது பகிர்வை, சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்றால் சராசரி 850-ஐ ஒட்டி வரும். உறவுக்குள்ளேயே மணமுடித்து வந்த குடும்பங்களில் இது கூடுதலாகக் காட்டும்; அங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது.

முதலில் தூரத்து உறவுகள் மட்டுமே இருந்தார்கள். டானா லீட்ஸ் என்பவர் 2018-இல் சொன்ன முறைப்படி, 90 முதல் 400 சென்டிமார்கன் வரை பகிர்பவர்களை எடுத்து, தங்களுக்குள் பொருந்துகிறவர்களுக்கு ஒரே வண்ணம் கொடுத்தேன். நான்கு வண்ணங்கள் பிரிந்தன. அம்மாவின் நான்கு தாத்தா பாட்டி வழிகள் அவை. பெயர் ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகொரு நாள் புதிதாக ஒருவர் வந்தார். பகிர்வு 1,700-க்கு மேல். தாய்மாமா, தாத்தா, பேரன், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான சகோதரர் என எல்லோருக்கும் இந்த அளவு பொருந்தும். அவருக்கு அம்மாவைவிடச் சில வயதுதான் குறைவு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வரும்; தாய் ஒருவரே என்றால் எக்ஸில் பெரும்பாலும் கொஞ்சமாவது பொருந்தும், ஆனால் இருவருக்கும் எக்ஸில் பகிர்வே இல்லை. அவருடைய பொருத்தங்களும் இரண்டு வண்ணங்களுக்குள் அடங்கின. அப்பா ஒருவர், அம்மா வேறு.

கடிதத்தில் 'உங்கள் அப்பாவின் மகள்' என்று எழுதவில்லை. அந்த வீட்டில் யாருக்கு எது தெரியும் என்று நமக்கென்ன தெரியும்? "நெருங்கிய உறவு என்று காட்டுகிறது, பேச விருப்பமா?" என்று மட்டும் கேட்டேன். சம்மதித்தார்.

அம்மா அவரிடம் முதலில் கேட்டது, "அப்பா உயரமா?" வளர்ந்த வீட்டில் அம்மாதான் எல்லோரையும்விட உயரம். "ஆறடிக்கு மேல" என்றார் மாமா. அப்பா மாரடைப்பில் போனதையும் சொன்னார். அடுத்த வாரமே அம்மாவை இதய மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

வம்சாவளி மென்பொருளில் ஒருவருக்குப் பெற்றவர், வளர்த்தவர் இருவரையும் பதியலாம். வளர்த்தவர்களைத்தான் முதலில் பதிய வேண்டும் என்றார் அம்மா, அப்படியே செய்தேன். மீதமிருக்கும் இரண்டு வண்ணங்கள் அவரைப் பெற்றவளின் வழி. அந்தத் தேடலையும் தொடங்கச் சொல்லிவிட்டார்.