கரும்பலகையில் ஐயா வரைந்த கடல்

ஆறாம் வகுப்பில் ஒரு மழை நாள். தகரக் கூரை இரைச்சலில் எதுவும் காதில் விழாது. ஐயா பேசாமல் கரும்பலகை முழுக்கக் கடலை வரைந்தார். இடது ஓரத்தில் ஜமைக்கா, நடுவில் மொரீசியஸ், அப்புறம் நாகப்பட்டினம், வலது கோடியில் பினாங்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சொல்: கரும்பு.

மழை விட்டதும் சொன்னார். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கிக் கரும்பு வெட்டவைத்த பிரிட்டன், 1833-இல் சட்டம் இயற்றி 1834 ஆகஸ்டு 1 முதல் அடிமைமுறையை ஒழித்தது. சர்க்கரைக்கு ஆள் வேண்டுமே! அதே ஆண்டு மொரீசியசுக்கு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பிறகு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நம் செபராங் பிறைக்கும் வந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் தொழில் பழகிய லியோனார்ட் ரே போன்ற துரைமார் மலாக்கா நீரிணைப் பக்கமும் கரும்பு போட்டார்கள். நிபோங் திபாலைச் சுற்றி நாங்கள் பார்த்த ரப்பர் காடெல்லாம் அதற்குப் பின் வந்தது.

"அப்படியானால் நாமும் அடிமைகளா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை. அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் அடிமை. உன் பாட்டனின் ஒப்பந்தத்துக்கு முடிவு இருந்தது. ஆனால் முடியுமுன் ஓடினால் சிறை" என்றார். மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910-இல்தான் ஒழிந்தது. கங்காணி, அதாவது தோட்டத்து மேஸ்திரி, ஊருக்குப் போய் ஆள்கட்டுவது 1938 வரை நடந்தது. அந்தப் பாடம் சோதனையில் வரவில்லை. எனக்கு மறக்காத ஒரே பாடம் அதுதான்.

அன்று மாலை பாட்டியிடம் கேட்டேன். விரலிடுக்கில் காய்ந்திருந்த ரப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டே, கங்காணி தந்த முன்பணத்தை அடைக்கத் தம் அப்பா பட்ட பாட்டைச் சொன்னார். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நாற்பது ஆண்டு ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர் என் பாட்டி. வேலை நின்றதும் லயத்து வீட்டை, தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, அம்மிக்கல், மாரியம்மன் படம். அவ்வளவுதான் லாரியில் ஏறியது.

லண்டனுக்கு வந்த பிறகே மற்றொன்று தெரிந்தது. அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனை அரசு 2015-இல்தான் அடைத்து முடித்தது. 1980-களிலிருந்து என் சம்பளத்தில் பிடித்த வரியும் அந்தக் கணக்கில்தானே போயிருக்கும்? பாட்டியின் அம்மிக்கல் நினைவுக்கு வந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனேன். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை நிற்கிறது. மிச்சமிருந்த ஒரு லயத்தின் வாசலில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மலாயில் பேசினோம். ஊரை விட்டு வந்து மூன்று வருடமாம். எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது என்றார்.