டி-எச் போட்ட நேமெத்

புடாபெஸ்டில் வாடிக்கையாளர் பதிவுகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த சொல் ‘இப்சிலோன்’. ஒய் எழுத்துக்கு அங்கே அதுதான் பெயர். தொலைபேசியில் பெயரைச் சொல்பவர்கள் “கடைசியில் இப்சிலோன்”, “தே-ஹா (டி-எச்) போடுங்கள்”, “இரண்டு எஸ்” என்று தாங்களாகவே சேர்த்துச் சொல்வார்கள்.

ஹங்கேரிய மொழி பெரும்பாலும் எழுதியபடியே படிக்கிற மொழி. எஸ் என்றால் ஷ், எஸ்-இசட் என்றால் ஸ், என்-ஒய் என்றால் நம்முடைய ஞ. இவை பிடிபட்டால் செய்தித்தாளைச் சத்தம்போட்டுப் படித்துவிடலாம். குடும்பப் பெயர்கள் மட்டும் இதற்குள் அடங்காது. ஹங்கேரிய அகாடமி எழுத்து விதிகளை வெளியிட்டது 1832-இல். சொற்கள் விதிக்கு ஏற்ப மாறின, பல பெயர்கள் மாறவில்லை. அதற்கு முன் தேவாலயப் பதிவேட்டில் பாதிரியார் எப்படி எழுதினாரோ அப்படி. 1895-இல் அரசுப் பதிவு வந்தபோது கையில் இருந்த வடிவமே பெயராக நிலைத்தது. அதனால்தான் நாட்டில் மிகப் பரவலான தோத், ஹோர்வாத், நேமெத் போன்ற பெயர்களின் கடைசியில் ஒலிக்காத ஒரு எச் நிற்கிறது. எச் இல்லாமல் எழுதும் நேமெத் குடும்பங்களும் உண்டு.

எங்களை அதிகம் வேலை வாங்கிய பெயர் தகாச். ஒரே உச்சரிப்பு, ஆனால் கடைசி ‘ச்’சைச் சிலர் சி-எஸ் என்றும், சிலர் டி-எஸ் என்றும், சிலர் சி-எச் என்றும் எழுதுவார்கள். பழைய நாளில் கத்தோலிக்கர்கள் சி-எஸ் பக்கமும் புராட்டஸ்டண்டுகள் டி-எஸ் பக்கமும் சாய்ந்திருந்தார்கள். அகாடமி சி-எஸ்ஸைத் தேர்ந்தது. ஒரு பெண்ணின் கடவுச்சீட்டில் டி-எஸ், வங்கிக் கணக்கில் சி-எஸ். யாரோ ‘பிழை திருத்தி’யிருக்கிறார்கள். அவருக்கு வர வேண்டிய பணம் அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. திருத்தியவர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அது அந்தக் குடும்பத்தின் எழுத்து, திருத்த நமக்கு என்ன உரிமை?

பெரிய பெயர்களிலும் இதே கதை. நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கு 1848-இன் முதல் பிரதமர் பத்யாஞி லாயோஷின் பெயர். பலகையில் இரண்டு டி, ஒரு எச், இரண்டு ஒய். வாயில் வருவதோ வெறும் ‘பத்யாஞி’. இயற்பியலாளர் எத்வெஷின் பெயர் தொடங்குவது இ, புள்ளி வைத்த ஓ என்ற இரண்டு எழுத்துகளில்; ஒலிப்பது ஒரே உயிர், ‘எ’ சொல்லும்போது உதட்டைக் குவித்தால் வருவது.

இப்சிலோன் இருந்தால் பிரபுக் குடும்பம் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. 1848 புரட்சியின்போது எழுத்தாளர் யோகாய் மோர் தன் பெயரின் ஒய்யை ஐ ஆக்கிக்கொண்டதும் அந்த அடையாளத்தை உதறத்தான். ஆனால் இதை அளவுகோலாக வைக்க முடியாது. எஸ்தெர்ஹாஸி குடும்பத்துக்குக் கடைசியில் ஒய், ஸேச்செஞி குடும்பத்துக்கு ஐ. இரண்டுமே பெரும் பிரபு வம்சங்கள்.

பதிவில் கைவைக்காமல், ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும்படி தேடலை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். சரி என்று செய்து தந்தார்கள். அப்புறம் தகாச் என்று தட்டினால் மூன்று வடிவமும் வந்துவிடும். யார் எவர் என்று பிரிக்க, அந்த நாட்டு வழக்கப்படி பிறந்த தேதியோடு தாயின் பிறப்புப் பெயரையும் பார்ப்போம். அந்தப் பெயரிலும் ஒரு தே-ஹா இருக்கக்கூடும் என்பதால் அதையும் எழுத்தெழுத்தாகக் கேட்டுத்தான் குறித்துக்கொள்வோம்.