பாயை நெய்தவர் யார்?

பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் இருக்கும். சிலவற்றில் முகூர்த்தத் தேதியும் இருக்கும். சாயமேற்றிய கோரையாலேயே எழுத்துகளைப் பாயோடு சேர்த்து நெய்துவிடுவார்கள். அருங்காட்சியகத்தில் சமகாலக் கைவினைப் பிரிவின் காப்பாட்சியராக நான் பொறுப்பேற்றபோது எங்கள் இருப்பு அறையில் அப்படிச் சில பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. யாருடைய கல்யாணத்துக்கு நெய்தது என்பது பாயிலேயே இருந்தது. நெய்தவர் பெயர் பாயிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. "கோரைப் பாய், பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்" என்பதோடு பதிவு முடிந்திருந்தது.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளியை நிரப்புவதில்தான் கழிந்திருக்கிறது.

காப்பாட்சியர் என்றால் பொருள்களை அழகாக அடுக்கி வைப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அடுக்கவும் செய்கிறோம். சென்னையின் ஈரக்காற்றில் கோரையும் பனையோலையும் பூஞ்சை பிடிக்காமல் பார்க்க வேண்டும். சாயம் வெளிறாதபடி விளக்கொளியை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) வைக்க வேண்டும். பூச்சிக்குக் காவல் இருக்க வேண்டும். ஆனால் சமகாலக் கைவினையை எடுத்துக்கொண்டவருக்கு இவற்றைவிடப் பெரிய கடமை ஒன்று உண்டு. செய்தவர் உயிரோடு இருக்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனியை ஆராய்பவர் ஊகித்து எழுத வேண்டியதை நான் பஸ் ஏறிப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமல் விட்டால், பின்னால் வருபவர்களையும் ஊகத்தில் தள்ளிவிடுகிறோம்.

பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாங்கள் வாங்கவிருந்த பட்டுப் பாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மடித்தால் துணி போல மடங்கும் பாய் அது. கோரையைத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, ஒவ்வொரு தண்டையும் கத்தியால் இழை இழையாகச் சீவி, பருத்திப் பாவில் கோத்து நெய்வார்கள். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நயம். யார் பெயரைப் பதிவது என்று கேட்டேன். "தம்பி, என் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். கோரை சீவியது என் தங்கை. அவள் சீவுகிற மாதிரி எனக்கு வராது" என்றார் நெய்த அம்மா. உள்ளேயிருந்து தங்கையை அழைத்து என் முன்னால் உட்காரவும் வைத்தார். அந்தப் பாயின் விளக்க அட்டையில் இப்போது சீவியவர், சாயம் போட்டவர், நெய்தவர் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. எங்கள் பதிவுப் படிவத்திலும் 'செய்தவர்கள்' என்ற கட்டம் வந்தது.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "நம் மரபில் கைவினைஞர் பெயர் சொல்லும் வழக்கமே கிடையாது. அடக்கம்தான் நம் மரபு" என்பார்கள். நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தலைமைத் தச்சரான குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர், வந்த ஊர், குடியிருந்த வீடு என்று வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார் இராஜராஜன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் இடம் கிடைத்தவர்களுக்கு இன்று ஓர் அட்டையில் இடம் இல்லை என்றால், அதற்கு மரபின் மீது பழி போடுவது நியாயமா? 1998-ல் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் அதன் அப்போதைய இயக்குநர் ஜோதீந்திர ஜெயின் நடத்திய கண்காட்சி, நாட்டுப்புற, பழங்குடிக் கலைகளைச் சேர்ந்த கங்கா தேவி, ஜங்கர் சிங் ஷியாம், நீலமணி தேவி, ஜிவ்யா சோமா மஷே, சோனாபாய் ஆகிய ஐவரையும் தனித்தனிக் கலைஞர்களாக முன்வைத்தது. ஒரு பழங்குடியின் கலை, ஒரு மாவட்டத்தின் கலை என்று பொத்தாம்பொதுவாகப் பேசிப் பழகியவர்களுக்கு அது பெரிய பாடம். எனக்கும்தான்.

களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலைப் பட்டறையில் பயின்றவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கிண்ணம் வந்தால், பெயர், ஆண்டு, சூளை விவரம் எல்லாம் தானாகவே அட்டையில் ஏறிவிடுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்து வேளார் (மண்ணில் வேலை செய்யும் குயவர்) செய்த ஆளுயரக் குதிரைக்கு 'சுடுமண், புதுக்கோட்டை மாவட்டம்' மட்டும். இரண்டும் மண், இரண்டும் நெருப்பு, இரண்டும் நம் காலத்தவை.

கொள்முதலில் இந்த வேற்றுமை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஒரு பொருளை வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு அது சரி. ஒரே ஒரு குடும்பம் செய்யும் பொருளுக்கு மற்ற இரண்டு விலைப்புள்ளிகளை எங்கே போய் வாங்குவது? ஓவியத்துக்கு விலக்கு இருந்தது, பாய்க்கும் குதிரைக்கும் இல்லை. விலக்கு பெறக் குறிப்பெழுதி, விளக்கம் எழுதி, மறுபடி எழுதித்தான் செய்பவர் சொல்லும் விலையைக் கொடுக்க வழி பிறந்தது. பேரம் பேசிக் குறைத்து வாங்கிய பொருளைக் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அய்யனார் கோயில் குதிரையை வாங்கித் தருகிறேன் என்று தரகர்கள் வருவதுண்டு. தொடவே மாட்டேன். புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரே சுமந்து போய்ச் சாமிக்குக் கொடுத்தது அது. வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணாவது வரை அங்கேதான் இருக்க வேண்டும். அதனால் புதிதாகச் செய்து தரச் சொல்லி ஒரு வேளார் குடும்பத்தை அழைத்தோம். பெரியவர் உடலை எழுப்பினார், மகன்கள் கால்களையும் கழுத்தையும் செய்தார்கள், மருமகள் மண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதம் பார்த்தார். நான்கு பெயர்களும் அட்டையில் உள்ளன. கண்ணுக்கு விழி எழுத மட்டும் பெரியவர் மறுத்துவிட்டார். "கண் திறப்பது கோயிலில்தான், ஐயா. இது உங்களிடம் நிற்கும் மண் குதிரை" என்றார். பார்வையாளர்கள் விழி எங்கே என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன பதிலையே அட்டையில் கொடுத்திருக்கிறோம்.

விரிசல் விட்டால் ஒட்ட வேண்டாம், வேறு செய்துகொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் பாதுகாப்புப் பிரிவு இதை ஏற்கவில்லை. கையில் இருப்பதைக் காப்பதுதான் அவர்கள் வேலை, அவர்கள் வாதத்திலும் பொருள் இருக்கிறது. நான் பெரியவர் பக்கம். இடது முன்னங்காலில் இப்போது மெல்லிய விரிசல் ஓடுகிறது. அடுத்த நிதியாண்டில் புதுக் குதிரைக்குத் தொகை ஒதுக்கும்படி கோப்பு அனுப்பியிருக்கிறேன். விலையை அந்தக் குடும்பமே சொல்லட்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.